மூன்று கார் நிற்கும் இடத்துக்கு இத்தனை சண்டை

லண்டனில் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு ஒன்றில் சனிக்கிழமை பிற்பகல். நடைபாதையில் வைத்த பெட்டிகளில் முருங்கைக்காய், மரவள்ளிக்கிழங்கு, வாழைப்பூ. கார் நிறுத்தத் தடை என்று தெருவோரம் போட்ட மஞ்சள் கோட்டின் மேல் ஒரு கார் நாலு விளக்கும் மினுங்க நிற்கிறது. காருக்குச் சொந்தக்காரர் கடைக்குள் பத்து கிலோ அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். தெருமுனையில் தொப்பியும் கையில் சின்ன மெஷினுமாக, பார்க்கிங் அபராதச் சீட்டு எழுதும் ஒருவர் திரும்புகிறார். கல்லாவில் இருந்தபடியே கடைக்காரர் குரல் கொடுக்கிறார்: "அண்ணை, கெதியா ஓடுங்கோ, டிக்கெட் அடிக்கிறவன் வாறான்!" மிச்சக் காசைக்கூட வாங்காமல் அவர் ஓடுகிறார். மீன் வாங்க நினைத்திருந்தாராம். அது அடுத்த வாரத்துக்குப் போய்விட்டது.

அவர் போன பிறகு கடைக்காரர் என்னிடம் சொன்னது: "பார்த்தீங்களே தம்பி, இந்தக் கவுன்சில்தான் எங்கட யாவாரத்தைச் சாகடிக்குது."

கவுன்சில் என்றால் உள்ளூராட்சி மன்றம். பிரிட்டனில் எந்த ஊர்க் கடைக்காரரைக் கேட்டாலும் இதே வாக்கியம் வரும். கடைத்தெருவை இங்கே ஹை ஸ்ட்ரீட் என்பார்கள். கிட்டத்தட்ட எல்லா ஊருக்கும் அந்தப் பெயரில் ஒரு தெரு உண்டு. அங்கே கடைகள் மூடப்படுவது இருபது முப்பது வருடமாக ஓடும் கதை. யார் காரணம் என்று கேட்டால் முதல் விரல், கார் நிறுத்தக் காசு வாங்கும் பார்க்கிங் மீட்டரை நோக்கித்தான் நீளும். அதில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்பதில்தான் வில்லங்கம்.

வேல்ஸின் மேற்குக் கரையில் கார்டிகன் என்று ஒரு சின்ன ஊர். 2015 கோடையில் யாரோ அங்கிருந்த கார் பார்க் மெஷின்களை உடைத்துவிட்டார்கள். பழுது பார்க்கும்வரை கவுன்சில் காசு வாங்க முடியவில்லை, ஊர் முழுக்கப் பார்க்கிங் இலவசம். வியாபாரம் சட்டென்று ஏறிவிட்டது என்று கடைக்காரர்கள் பேட்டி கொடுத்தார்கள், பாதிக்குப் பாதி கூடியது என்று சொன்னவர்களும் உண்டு. செய்தி நாடு முழுக்கப் பரவியது. கட்டணத்தை ஒழித்தால் கடைத்தெரு பிழைக்கும் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

ஆனால் அதே 2015இல் வேல்ஸ் அரசுக்காக ஒரு ஆய்வு நடந்தது. பார்க்கிங் கட்டணத்துக்கும் கடைத்தெருவுக்கு வரும் கூட்டத்துக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்றது அது. ரயில் இல்லாத, சுற்றிலும் கிராமங்களே இருக்கிற கார்டிகன் மாதிரி ஊரில் கட்டணம் கடிக்கும் என்பதை நம்ப எனக்குத் தடையில்லை. அதை எடுத்து லண்டன், பிரிஸ்டல் மாதிரிப் பெரிய நகரத்துக்கு ஒட்டவைப்பதுதான் பிரச்சினை.

பிரிஸ்டலில் குளோஸ்டர் ரோடு தனிக் கடைகளுக்குப் பேர்போன தெரு. 2006இல், நடப்பதையும் சைக்கிளையும் ஊக்குவிக்கும் சஸ்ட்ரான்ஸ் என்ற அமைப்பு அங்கே கடைக்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்டது: உங்கள் வாடிக்கையாளரில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள்? நூற்றுக்கு 41 பேர் என்று சராசரியாகப் பதில் வந்தது. தெருவில் நின்று வாடிக்கையாளர்களையே கேட்டபோது வந்த எண் 22. இன்னொரு கேள்வி, அரை மைலுக்குள் வசிப்பவர்கள் எத்தனை பேர்? கடைக்காரர்கள் 12 சதவீதம் என்றார்கள். உண்மையில் 42.

கடைக்காரர்கள் பொய் சொல்லவில்லை. கார் நிறுத்த இடமில்லை என்று சலித்துக்கொண்டு உள்ளே வருபவர் நினைவில் நிற்கிறார். பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வந்து பாலும் பாணும் வாங்கிப் போகிறவர் எப்படி வந்தார் என்று எந்தக் கல்லாக்காரரும் யோசிப்பதில்லை. "உங்கள் தெருவுக்கு நடப்பது வசதியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போகிற வாடிக்கையாளர் உலகத்திலேயே கிடையாது. அப்புறம் இன்னொன்று, கடைக்காரரே காரில் வருகிறவர். காலை ஏழு மணிக்கு வந்து கடை திறப்பவருக்கு ஊரே காரில் வருவது போலத்தான் தோன்றும்.

லண்டன் போக்குவரத்து நிறுவனமான டிஎஃப்எல் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு கணக்கும் உண்டு. நடந்தும் சைக்கிளிலும் பஸ்ஸிலும் வருபவர்கள், காரில் வருபவர்களைவிட மாதத்துக்கு 40 சதவீதம் அதிகமாக உள்ளூர்க் கடைகளில் செலவழிக்கிறார்கள் என்பது அது. ஒரு தடவைக்குக் கார்க்காரர் அதிகம் வாங்கலாம். நடப்பவர் அடிக்கடி வருகிறார்.

சரி, இந்த எண்களை எடுத்துக்கொண்டு போய் நம் கடைக்காரரிடம் காட்டலாமா? நான் காட்டமாட்டேன். காரணம் அரிசி மூட்டை. ஈலிங் ரோடு, ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த், டூட்டிங் போன்ற தெருக்களுக்கு இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். ஒரு வகை அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள். பிரிஸ்டல் எண்கள் இவர்களுக்கு அப்படியே பொருந்தும். இன்னொரு வகை, தமிழ்க் கடை இல்லாத தூரத்து ஊரில் வீடு வாங்கிப் போனவர்கள். மாதம் ஒருமுறை கோயில், சலூன், நகைக்கடை, மளிகை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வருகிறார்கள். காரின் பின்பக்கம் நிறைய அரிசியும் மாவும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு திரும்புகிறார்கள். இவர்களை டியூப்பில், அதாவது சுரங்க ரயிலில் வரச் சொல்ல முடியாது. பொதுவான கடைத்தெருவை அளந்த ஆய்வை வைத்து இப்படிப்பட்ட தெருவுக்குத் திட்டம் போட்டால் தவறும்.

அதனால்தான் நான் கட்டணத்தைப் பற்றிப் பேசுவதைவிட இடம் எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்பதைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பார்க்கிங் மீட்டர் பிறந்ததே வியாபாரிகளுக்காகத்தான். 1935இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் உலகின் முதல் மீட்டரை நட்டபோது, கடை வாசலை நாள் முழுக்க அடைத்துக்கொண்டு நின்ற கார்களை நகர்த்துவதே நோக்கம். அந்தக் கார்கள் பெரும்பாலும் அங்கே வேலை செய்தவர்களுடையவை. பிரிட்டனுக்கு மீட்டர் 1958 ஜூலையில் வந்தது, லண்டன் மேஃபேரில்.

டொனால்ட் ஷூப் என்ற கலிபோர்னியப் பேராசிரியர் இதை வாழ்நாள் வேலையாகவே எடுத்துக்கொண்டவர். 2025இல் காலமானார். அவர் சொன்ன கணக்கு எளிது. ஒரு தெருவின் இடங்களில் 85 சதவீதம் நிறைந்து, ஒன்றிரண்டு எப்போதும் காலியாக இருக்கும்படி விலை வையுங்கள். எல்லாம் நிரம்பியிருந்தால் வைத்த விலை போதாது என்று அர்த்தம், பாதி காலியென்றால் வைத்த விலை அதிகம் என்று அர்த்தம். இந்தக் கணக்கில் மீட்டரை எதிர்ப்பவருக்கும் இடமுண்டு. காலியாகக் கிடக்கிற கார் பார்க்கில் கட்டணம் வாங்கும் கவுன்சில் தவறு செய்கிறது என்றுதான் ஷூப்பும் சொல்வார். கூடவே இன்னொரு நிபந்தனையும் வைத்தார்: வசூலான பணம் அதே தெருவுக்குத் திரும்ப வேண்டும். கலிபோர்னியாவின் பசடீனாவில் 1993இல் மீட்டர் வைத்தபோது, அந்தப் பணத்தைப் பழைய கடைத்தெருவின் நடைபாதைக்கும் விளக்குக்கும் மரத்துக்குமே செலவழிப்போம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் வியாபாரிகள் ஒத்துக்கொண்டார்கள். தெரு நிமிர்ந்தது.

நான் நின்ற தெருவுக்கு வருவோம். கடை வாசலில் மூன்று கார் நிற்க இடம். ஒவ்வொரு காரும் அரை மணி நேரம் நின்றால் காலை பத்து முதல் மாலை ஆறு வரை 48 கார்கள் வந்து போகலாம். மூன்றில் ஒன்றில் காலையிலிருந்து ஒரே வெள்ளை வேன் நின்றால் அது 33 ஆகிவிடும். அந்த வேன் யாருடையது என்று கடைக்காரரைக் கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அது எங்கட வேன்தான் தம்பி, ஒவ்வொரு ரெண்டு மணித்தியாலத்துக்கும் போனில காசு போட்டுக்கொண்டிருக்கிறன்" என்றார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. விடிகாலையில் சந்தைக்குப் போய்க் காய்கறி ஏற்றி வந்த வேனை அவர் வேறு எங்கே விடுவார்? ஆனால் கணக்கு கணக்குதான். இலவசமாக்கினால் முதலில் நிரம்புவது இப்படித்தான், வாடிக்கையாளருக்கு மிஞ்சாது.

கவுன்சில்களின் பக்கம் வருவோம். இவர்கள் பணத்துக்காகத்தான் கட்டணம் ஏற்றுகிறார்கள் என்ற சந்தேகம் எல்லோருக்கும் உண்டு. சட்டம் அதை அனுமதிக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. தெருவோரப் பார்க்கிங் கட்டணம் 1984ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருகிறது. போக்குவரத்தைச் சீராக்க அது ஒரு கருவி, வருமானத்துக்கான வரி அல்ல. மிஞ்சும் பணத்தைப் போக்குவரத்து, சாலை மாதிரியான காரியங்களுக்கு மட்டுமே செலவிடலாம் என்று அதன் 55ஆம் பிரிவு கட்டிப்போடுகிறது. லண்டனில் முதியவர்கள் பஸ்ஸிலும் டியூப்பிலும் இலவசமாகப் போகும் அட்டைக்கான செலவில் நல்ல பங்கு இந்தப் பணத்திலிருந்துதான் போகிறது.

வடக்கு லண்டனின் பார்னெட் கவுன்சில் இந்த எல்லையைத் தாண்டி மாட்டிக்கொண்டது. குடியிருப்பாளர் அனுமதிச் சீட்டின் வருடக் கட்டணத்தை 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டாகவும், விருந்தாளிகளுக்கான சீட்டை 1 பவுண்டிலிருந்து 4 பவுண்டாகவும் ஏற்றியது. அங்கே குடியிருந்த ஒருவர் வழக்குப் போட்டார். சாலைச் செலவுக்குப் பணம் திரட்டுவதற்காகவே இந்த உயர்வு, ஆகவே சட்டவிரோதம் என்று 2013 ஜூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகரின் நடுவே வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் 2011இல் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கட்டணம் வாங்கக் கிளம்பி, உணவகங்களும் தேவாலயங்களும் திரண்டு எதிர்த்ததில் திட்டத்தையே கைவிட்டது.

ஆனால் சட்டம் ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம். மத்திய அரசு மானியத்தை 2010க்குப் பிறகு வெட்டிக்கொண்டே வந்தது. முதியோர் பராமரிப்புச் செலவோ ஏறிக்கொண்டே போகிறது. இந்த நிலையில் பார்க்கிங் உபரி, போக்குவரத்துச் செலவை ஏற்றுக்கொண்டு வேறு பணத்தை விடுவித்துத் தருகிறது. சட்டப்படி வரி இல்லை, நடைமுறையில் வரிக்குப் பக்கத்து வீடு. கட்டணம் ஏற்றும் ஒவ்வொரு கவுன்சிலும் "நெரிசலைக் குறைக்க" என்று தாளில் எழுதிவைப்பதன் ரகசியம் இதுதான். பாதிக்கும் மேல் காலியாகக் கிடக்கும் கார் பார்க்கில் எந்த நெரிசல் என்று யாராவது கேட்டால் பதில் வருவது கடினம்.

இதற்கு நடுவே டிக்கெட் அடிப்பவர்கள். 1990களுக்கு முன்பு பார்க்கிங் தவறு என்பது போலீஸ் விவகாரம். 1991ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துக் கவுன்சில் கையில் கொடுத்தது. போரோக்கள் எனப்படும் லண்டன் பகுதிக் கவுன்சில்கள் முதலில் எடுத்துக்கொண்டன, பிறகு நாடு முழுக்கப் பரவியது. இன்று லண்டனில் அதிகபட்ச அபராதம் 160 பவுண்ட். 2025 ஏப்ரல் வரை அது 130. பதினாலு நாளுக்குள் கட்டினால் பாதி. லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தில் அது இன்னும் 70 பவுண்டில் நிற்கிறது. அரிசி 20 பவுண்ட், அபராதம் 80 பவுண்ட் என்றால் வாங்க வந்தவர் அந்தத் தெருவை ஒரு வருடத்துக்காவது மறக்கமாட்டார். எனக்கே ஒருமுறை நடந்தது. எந்தக் கவுன்சில் என்று சொல்லவில்லை. கம்பத்தில் இருந்த பலகையில் ஒரு நேரமும் கீழே இன்னொரு நேரமும் எழுதியிருந்தது. நான் மேலே இருந்ததை மட்டும் படித்தேன். அதற்கப்புறம் அங்கே இடியாப்பம் வாங்கப் போகவே இல்லை, பாவம் அந்தக் கடைக்காரர் என்ன செய்தார்? மணிக்கு 2 பவுண்டா 3 பவுண்டா என்பதைவிட, மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்தான் ஆட்களை விரட்டுகிறது என்பது என் எண்ணம்.

2010 முதல் 2015 வரை உள்ளாட்சி அமைச்சராக இருந்த எரிக் பிக்கிள்ஸுக்கு இந்தப் பயம் புரிந்திருந்தது. கவுன்சில்களோடு வருடக்கணக்கில் மல்லுக்கு நின்றார். 2015 ஏப்ரல் முதல், கவுன்சில் பார்க்கிங் இடத்தில் நேரம் முடிந்த பிறகும் பத்து நிமிடம் பொறுத்துத்தான் டிக்கெட் அடிக்க வேண்டும் என்ற விதி இங்கிலாந்தில் வந்தது. இது கட்டம் போட்ட இடங்களுக்கு மட்டும். மஞ்சள் கோட்டுக்குப் பத்து நிமிடமும் இல்லை, பத்து நொடியும் இல்லை. நம் ஆட்கள் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

மஞ்சள் கோட்டில் சரக்கு ஏற்றலாமா என்பது தனிக் கலை. கோட்டை மட்டும் பார்த்தால் போதாது, நடைபாதையின் விளிம்புக் கல்லையும் பார்க்க வேண்டும். அதில் குறுக்கே மஞ்சள் பட்டை இரண்டிரண்டாக இருந்தால் எந்நேரமும் ஏற்றி இறக்கக் கூடாது. பட்டையே இல்லையென்றால் கனமான சரக்கை ஏற்ற நிறுத்தலாம். ஆனால் கடைக்குள் போய்ப் பொருளைத் தேடி, பேசி, பணம் கொடுப்பது சரக்கு ஏற்றுவதில் சேராது என்பதுதான் கவுன்சில்கள் வழக்கமாகச் சொல்வது. முன்பே வாங்கிவைத்த இரண்டு மூட்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனால் வாதாட இடமிருக்கிறது. முருங்கைக்காயை முறித்துப் பார்த்து வாங்கினால் இல்லை.

இன்னும் ஒரு சிக்கல். எல்லாக் கோடும் கவுன்சிலுடையது அல்ல. டூட்டிங் வழியாகப் போகும் ஏ24 சாலையில் சிவப்புக் கோடுகள் ஓடுகின்றன. சிவப்புப் பாதைகள் லண்டனில் 1991இல் சோதனையாகத் தொடங்கியவை, இப்போது டிஎஃப்எல் கையில் இருக்கின்றன. இரட்டைச் சிவப்பில் ஒரு நிமிடம்கூட நிற்க முடியாது, ஆளை இறக்கிவிடக்கூட. அங்கே கடைக்காரர் உள்ளூர்க் கவுன்சிலரைப் பிடித்து எத்தனை திட்டினாலும் அந்தக் கோட்டை அவரால் ஒரு அங்குலம் அசைக்க முடியாது. அதே சமயம் டூட்டிங்கில் இரண்டு டியூப் நிலையங்கள், இடைவிடாத பஸ்கள். பார்க்கிங் இவ்வளவு இறுக்கமாக இருந்தும் அந்தத் தெருவில் சனிக்கிழமை நடக்க இடமிருக்காது. கார் பார்க் இல்லாததால் தெரு சாகும் என்பவர்கள் ஒருமுறை அங்கே போய்வர வேண்டும்.

உண்மையில் கடைத்தெருவிலிருந்து ஆட்களைக் காரில் ஏற்றி வெளியே கொண்டுபோன முடிவுகள் வேறு. 1976இல் வடமேற்கு லண்டனில் பிரெண்ட் கிராஸ், 1986இல் கேட்ஸ்ஹெட்டில் மெட்ரோ சென்டர், 1990இல் ஷெஃபீல்டில் மெடோஹால், 1999இல் கென்ட்டில் புளூவாட்டர் என்று பெரிய மால்கள் எழுந்தன. புளூவாட்டரில் மட்டும் 13,000 கார்கள் இலவசமாக நிற்கலாம். ஊருக்கு வெளியே கட்டுவதை இறுக்கி, முதலில் ஊர் நடுவில் இடம் தேடுங்கள் என்று அரசு விதியைக் கடுமையாக்கியது 1996இல். புளூவாட்டர் அதற்கு முன்பே அனுமதி வாங்கியிருந்தது. இந்த மால்களோடு பார்க்கிங் விலையில் போட்டி போட்டு எந்த ஹை ஸ்ட்ரீட்டும் ஜெயிக்காது. 13,000 காருக்கு இடம் வேண்டுமென்றால் தெருவையே இடிக்க வேண்டும்.

கடைகளின் பெரிய செலவுகளில் ஒன்றான பிசினஸ் ரேட்ஸ் என்ற கடைக் கட்டட வரியைக் கவுன்சில்தான் வசூலிக்கிறது, விகிதத்தை வைப்பது 1990 முதல் மத்திய அரசு. இணைய வியாபாரம் தொற்றுநோய்க்கு முன்பே சில்லறை விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு, இப்போது நாலில் ஒரு பங்குக்கும் மேல். இதெல்லாம் கடை வாசலில் கண்ணுக்குத் தெரியாது. மீட்டர் தெரியும். 2011 டிசம்பரில் அரசுக்காகச் சில்லறை வணிக ஆலோசகர் மேரி போர்ட்டாஸ் கடைத்தெருக்களைப் பற்றிக் கொடுத்த அறிக்கையில் 28 பரிந்துரைகள் இருந்தன, இலவசப் பார்க்கிங் அதில் ஒன்று. செய்தியில் அதிகம் அடிபட்டதும் அதுதான்.

அன்று மாலை கிளம்பும்போது கடை வாசல் விளக்குக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் கட்டியிருந்ததைப் பார்த்தேன். மழையில் பாதி நனைந்திருந்தது. வாசலில் உள்ள மூன்று இடங்களுக்கும் அதிகபட்ச நேரத்தை இரண்டு மணியிலிருந்து முக்கால் மணியாகக் குறைத்து, முதல் இருபது நிமிடத்தை இலவசமாக்கும் யோசனை. இப்படிப்பட்ட ஆணைக்கு முன் கவுன்சில் அறிவிப்பு வைத்து, குறைந்தது 21 நாள் ஆட்சேபம் கேட்க வேண்டும். பன்னிரண்டு நாள் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. உள்ளே போய்க் கடைக்காரரைக் கூட்டிவந்து படித்துக் காட்டினேன். மீன் வாங்க நினைத்து ஓடினவருக்கு இருபது நிமிடம் போதும் என்றேன்.

"அது சரி தம்பி, அப்ப என்ர வேன்?"

பக்கத்துத் தெருவில் அனுமதிச் சீட்டு கேட்டுப் பார்க்கலாம், ஆதரித்து எழுதும்போதே வேனுக்கும் ஒரு வழி கேட்கலாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் தாளையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினார். "நீங்களே எழுதிவிடுங்கோ. இங்கிலீசில நல்லா எழுதுங்கோ."